கண்மாய்க்குள் கயாக்

நீந்தத் தெரியாதவர்களை நம்பித்தான் எங்கள் படகுத் தொழில் நடக்கிறது. நீந்தத் தெரிந்தவன் எதற்குக் காசு கொடுத்துப் படகில் ஏறப் போகிறான்?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாயில், பஞ்சாயத்து அனுமதியோடு, துடுப்புப் போட்டு ஓட்டும் கயாக் படகுகளை விட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரி செல்வி, எம். புதுப்பட்டி ஊரில் பட்டாசு கம்பெனி வேலைக்குப் போகிறாள். அங்கே எப்போது என்ன வெடிக்குமோ என்று எனக்குத் தினமும் பயம். அவளை வேலையிலிருந்து நிறுத்தத்தான் இந்தத் தொழிலையே ஆரம்பித்தேன். "மொதல்ல ஒங்க படகு ஓடட்டும், பெறகு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே வருகிற வாடிக்கையாளர் ஒருவரும் முகம் சுளித்துவிடக் கூடாது. கடை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

இழுக்காத படகு

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "படகைத் தண்ணிக்குள்ள இழுத்து விடுங்க" என்றேன். ஒருத்தரும் இழுக்கவில்லை. செருப்பைத் தூரத்திலேயே கழற்றி வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படகை அப்படியே தூக்கி, சத்தமே வராமல் தண்ணீரில் இறக்கினார்கள்.

உரசினால் தீப்பொறி வரும், அதனால் வெடிமருந்து இருக்கும் இடத்தில் எதையும் தரையில் உரச விடக் கூடாது என்பது அவர்கள் பழக்கம். "இது வெறும் பிளாஸ்டிக்தான் அக்கா, சும்மா இழுக்கலாம்" என்று சிரித்தேன். முன்னால் நின்ற அக்கா சிரிக்கவில்லை. "இங்கன இழுத்துப் பழகிட்டா, நாளைக்குக் கம்பெனியிலயும் கை தன்னால இழுக்கும் தம்பி."

தரப் பரிசோதனை

விருதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். லைஃப் ஜாக்கெட்டை வாங்கித் தையலை இழுத்துப் பார்த்தார், கையில் எடை போட்டார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். "இது மிதக்கும்னு எப்பிடி நம்புறது? நீங்க போட்டுக் குதிங்க, பாப்போம்" என்றார்.

சட்டையோடு குதித்தேன். நன்றாகவே மிதந்தேன். அவர் பிள்ளைகள் கை தட்டின. மூச்சு வாங்கக் கரையேறி, ஜாக்கெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நனைஞ்சு போச்சே. காஞ்சதா ஒண்ணு குடுங்க."

ஒரே வானம்

பட்டாசு கம்பெனி முதலாளி ஒருவர் பேரப்பிள்ளைகளோடு படகில் இருந்தபோது தூறல் விழுந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான். வானம் பார்த்த பூமியில் கண்மாய் நிறைந்தால்தானே பிழைப்பு. முதலாளி மட்டும் முகம் வாடிப்போய் மேகத்தையே பார்த்தார். கம்பெனியில் சரக்கையெல்லாம் வெளியே காயப் போட்டிருந்தார்களாம்.

"இந்த வருசம் நல்ல மழை வரும் அண்ணாச்சி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இனி இந்தப் பக்கமே வர மாட்டார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகத் தலையைத் துடைத்துக்கொண்டார். "நீரும் நானும் ஒரே கோயிலுக்குப் போகக் கூடாதுய்யா. சாமி யாரு பேச்சக் கேக்கும்?"

சத்தம்

பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் சிவகாசி அச்சகங்கள் ஓடாது. எனக்கு அன்று நல்ல கூட்டம் வரும். பட்டாசு கம்பெனிகளில் கைவேலை என்பதால் அங்கே லீவு கிடையாது. அப்படி ஒரு நாள் மத்தியானம், அச்சக ஆட்கள் நடுக் கண்மாயில் இருந்தபோது, எம். புதுப்பட்டிப் பக்கமிருந்து பெரிய சத்தம் ஒன்று வந்தது.

எல்லாத் துடுப்பும் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் யாராவது ஒருத்தர் வேலைக்குப் போகாத வீடு இங்கே ஏது? அதுவரை படகைத் திருப்பத் தெரியாமல் சுற்றியவர்கள்கூட நேராகக் கரைக்கு வந்து செல்போனை எடுத்தார்கள். கம்பெனிக்குள் செல்போன் ஆகாது. வாசலில் இருக்கும் வாட்ச்மேனைத்தான் பிடிக்க வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தேன், லைன் கிடைக்கவில்லை. செல்வியின் முகத்தைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

கடைசியில் வாட்ச்மேன் எடுத்தார். "குவாரியில பாறைக்கு வெடி வச்சிருக்காகப்பா. இங்கன எல்லாரும் சோறு தின்னுக்கிட்டு இருக்காக." ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் அனுபவித்ததில்லை. சுற்றிலும் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தார்கள். அவர்களில் அச்சு மெஷின் ஓட்டும் ஒருவர் என் தோளைத் தட்டினார். "அண்ணே, எங்களுக்குப் படகுல இன்னும் நேரம் பாக்கி இருக்குல்ல?"

செல்வியின் முடிவு

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லி, இனி வேலைக்குப் போகாதே என்று கெஞ்சினேன். செல்வி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "சத்தம் எங்களுக்கும்தான் கேட்டுச்சு. பதறிப் போயி நீங்க தண்ணிக்குள்ள விழுந்துருப்பீகளோன்னுதான் எனக்குக் கவலை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பயந்து சாகுறதுக்கு, நான் வேலைய விட்டுட்டுக் கரையில நின்னு ஒங்களப் பாத்துக்கிறேன்."

இப்போது நான் துடுப்புப் பிடிக்கும் லட்சணத்தைப் பற்றிக் கரையிலிருந்து அவள் போடும் சத்தம் கண்மாய் முழுக்கக் கேட்கிறது. மானம் போனாலும் காதுக்கு அதைவிட இதமான சத்தம் வேறில்லை.