துண்டை எடுக்க வழி வைத்தவர்

செல்வி அக்கா இறந்த செய்தி போனில் வந்தபோது, நான் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் காமாலை என்று விடுப்பில் போனவர். வயது இருபத்தாறு. அவருடன் வேலை பார்த்து, இன்று அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், கடலூர் வரும்வரை நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

2010 கோடையில், பாலிடெக்னிக் விடுமுறையில், அவர் எழுதிய மென்பொருளைச் சோதிக்க நம் கடலூர் அலுவலகத்துக்கு வந்தேன். சிதம்பரம் வரும் பயணிக்கு வேன், லாட்ஜ் அறை, கிள்ளைப் பக்கம் சுரபுன்னைக் காட்டைச் சுற்றப் படகு மூன்றையும் ஒரே பதிவில் தருவது அது. மூன்றும் மூன்று பேருடைய கணினிகளில் இருந்தன. மூன்றும் கிடைத்தால்தான் பதிவு உறுதியாகும். அதுவரை ஒவ்வொன்றையும் பிடித்து வைக்கும். அந்தப் பிடிப்புக்கு அக்கா வைத்த பெயர் 'துண்டு'.

எனக்கு இது போதாதா? துடுப்பு துரைசாமி, சுரபுன்னை சுந்தரம், அலையாண்டி என்று பெயர் கொடுத்து எல்லாப் படகுக்கும் துண்டு போட்டேன். பதிவை முடிக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பினால், ஒத்திகை பார்க்க வந்த படகுக்காரரும் லாட்ஜ்காரரும் அக்காவின் பக்கத்தில். படகே இல்லை என்கிறது திரை. படகுக்காகக் காத்து, அறையும் வேனும்கூடச் சிக்கிக் கிடந்தன.

"இன்னாம்மா இது, என் படகெல்லாம் கரையிலதான கட்டிக் கெடக்கு! யாரு அந்த அலையாண்டி?"

"சரிப்பட்டு வராதும்மா. நாங்க நோட்டுலயே எழுதிக்கிறோம்" என்று லாட்ஜ்காரர் எழுந்தார். அக்காவின் ஆறு மாத உழைப்பும் கூடவே எழுந்து நின்றது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"தப்பு என்னுதுதாங்க. துண்டு போட வழி வெச்சேன், எடுக்க வழி வெக்கல. நாளைக்கு ஒரு தடவ வாங்க."

அவர்கள் போனதும், "அக்கா, அலையாண்டி நான்தான்" என்றேன்.

"தெரியும்டா. வேற எவன் இப்புடிப் பேரு வெப்பான்? துண்டு போட்டவன் வரலன்னா பஸ்ஸ நிறுத்தியா வெப்பாங்க? உக்காரு."

அன்றே துண்டுக்குப் பத்து நிமிட ஆயுள் எழுதினார். மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டால், பிடித்த மற்றவையும் உடனே விடுபட்டுவிடும். "புடிக்கறதுக்கு முன்னாடி வுடறத எழுது" என்று அவர் சொல்லி நம்மில் கேட்காதவர் யார்? மறுநாள் இருவர் முன்னாலும் என்னையே சேட்டை செய்யச் சொன்னார். பத்தாவது நிமிடம் எல்லாப் படகும் திரும்பிவந்தன.

"அலையாண்டி கரையேறிட்டான்யா!" என்று சிரித்தார் படகுக்காரர். லாட்ஜ்காரர் நோட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

அக்கா அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், நான் மறுபடி நம் அலுவலகப் படி ஏறியிருக்கமாட்டேன். மாறாக எனக்கு ஓர் உத்தரவு கிடைத்தது: "தெனம் சேட்டை பண்ணு. ஆனா பண்ணத எழுதி வை."

நேற்று அவருடைய கணினியைத் திறந்தோம். விடுப்புக்கு முன்பே தன் பெயரில் இருந்த அனுமதிகளையெல்லாம் நமக்குப் பிரித்துக் கொடுத்து, எதையும் பிடித்து வைக்காமல் போயிருக்கிறார். சோதனைப் பட்டியலில் மட்டும் அலையாண்டி அப்படியே இருந்தான். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இவன் இருக்கட்டும், எடுக்காதீங்க.'

அந்த வரியை நான் வைத்துக்கொள்கிறேன், அக்கா. இதற்கு மட்டும் பத்து நிமிடக் கணக்கு வேண்டாம்.