தம்பி வாங்கிப்போன எழுத்து

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம். ஆனாலும் சொல்கிறேன், கடைப்பலகை எழுத எங்கள் அண்ணியை விட்டால் ஆளில்லை. பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கி, பாதியைத் துணியில் துடைத்துவிட்டு ஒரே இழுப்பாக இழுப்பார். எழுத்துக்குள் பிரஷ் மயிரின் தடம் சொரசொரவென்று தெரியும். கடைக்காரர்கள் அதற்காகவே தேடி வருவார்கள். பெயிண்ட் டப்பா சுமப்பது நான்.

அண்ணிக்கு ஒரே தம்பி. அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. இப்போது கம்ப்யூட்டரில் விளம்பரம் வடிவமைக்கிறான். போன வருஷம் வந்து, அக்கா எழுத்தைச் சட்டம் போட்டுக் கண்காட்சியில் மாட்டப்போவதாகச் சொன்னான். எல்லா எழுத்தையும் தனித்தனியாக, மூன்று மூன்று தடவை எழுதித் தர வேண்டுமாம். கண்காட்சிக்கு 'ங'வும் 'ஞ'வும் எதற்கு என்று நான் கேட்டேன். அண்ணி முறைத்தார். தம்பி கேட்டுவிட்டான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது நாள் சமையலறைத் தரை முழுக்கக் காகிதம் காய்ந்தது. நாங்கள் தாண்டித் தாண்டி நடந்தோம்.

அவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். கண்காட்சி மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

போன வாரம் ஒரு ரொட்டிக்கடை முதலாளி புதுப் பலகைக்கு மாதிரி கேட்டார். அண்ணி அட்டையில் எழுதிக் கொடுத்தார். முதலாளி அட்டையைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார். இது விலைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர் எழுத்துரு, அதைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்றார். போனில் அண்ணியின் எழுத்துகள் வரிசையாக நின்றன. 'ழ'வின் வாலில், அன்று சமையலறையில் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த மயிர் ஒட்டி விழுந்த கீறல்கூட அப்படியே இருந்தது. கீழே தம்பியின் பெயர், படம், 'என் கைப்பட எழுதியது' என்று ஒரு வரி.

இனி எந்தக் கடைக்குப் போனாலும் அண்ணிதான் காப்பியடித்தவர்.

"இது என் கையெழுத்துங்க," என்றார் அண்ணி.

முதலாளி கெட்டவர் இல்லை. எழுதியவரையே கேட்டுவிடலாம் என்று தம்பி பெயருக்குக் கீழே இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார். ஒரு அம்மா உங்கள் எழுத்து மாதிரியே எழுதுகிறார், பலகையில் எழுத விடலாமா என்று கேட்டார்.

தம்பி சிரித்தான். "எழுதிட்டுப் போகட்டும் சார். பாவம், பொழைச்சுப் போறாங்க. நான் கேஸெல்லாம் போட மாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றார்.

"அக்கா?" என்றான் தம்பி.

அண்ணி நிமிர்ந்துவிட்டார். தெரிந்தவரா என்று முதலாளி கேட்டார்.

"இல்லைங்க," என்றார் அண்ணி. "பலகைய எங்க மாட்டணும்?"