அபிஷேக நேரத்தில் விளக்கு

கையில் பிடித்து இயக்கும் மின்கருவியைச் செருகக்கூடிய இடத்தில், முப்பது மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இருக்க வேண்டும். தரை ஈரமாகக்கூடிய இடமென்றால் பத்து மில்லி ஆம்பியர். நாட்டின் மின் விதிமுறை இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. அரசாங்க அலுவலகம் ஒன்றின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைக் காட்டித் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். கோயில் எதற்கும் எழுதியதில்லை. அங்கே மேற்பார்வைக்கு வேறு ஆள் இருப்பதாகப் பொதுவாக ஒரு நம்பிக்கை.

என் தம்பி கிள்ளானில் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் இறந்தான். கோயிலின் படி ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்திக்கொண்டிருந்தான். அபிஷேகம் முடிந்த தரையில் வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்பதால் அவனாகவே எடுத்துக்கொண்ட வேலை. யாரும் வழுக்கக்கூடாது என்று ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று சுவரில் டிரில் போட்டான். டிரில் பழையது, இரும்பு உடம்பு. எக்ஸ்டென்ஷன் வயரில் எர்த் இல்லை. உள்ளே எங்கோ இன்சுலேஷன் தேய்ந்து மின்சாரம் அந்த இரும்பு உடம்புக்கு வந்திருக்கிறது. மேசை விசிறியில் ஷாக் அடித்தால் கையை உதறிவிடலாம். இறுக்கிப் பிடித்திருக்கும் கருவியில் அது நடக்காது. விரல்கள் இன்னும் இறுகும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கென்று தனி விதி எழுதியதே அதனால்தான்.

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மிச்சத் துணியையும் போட்டு முடித்துவிட்டு கொமுட்டர் ரயில் பிடித்தேன். வழி முழுக்க, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்: போலீஸ் ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை, இறப்புப் பதிவு. வரிசை சரியாகவே இருந்தது. எந்தக் கவுண்டரிலும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை முடிந்ததில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். பல் பிடுங்கிய அன்று கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அவ்வப்போது உள்ளே தொட்டுப் பார்த்தேன். மரத்துக் கிடந்தது.

காரியங்கள் முடிந்தபிறகு கோயிலுக்குப் போய் மின்பலகையைத் திறந்தேன். இங்கே எல்லாரும் ஈ.எல்.சி.பி. என்று சொல்லும் அந்தச் சாதனம் இருந்தது. நல்ல சாதனம்தான், பத்து மில்லி ஆம்பியர். விசை மேலே நின்றது. அதில் டி என்று எழுதிய சோதனைப் பொத்தான் உண்டு. அமுக்கினால் விசை விழுந்து மின்சாரம் போக வேண்டும். அமுக்கினேன். விசை விழுந்தது. சாமியின் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மண்டபத்து விசிறிகளும் நிதானமாகச் சுற்றின.

கோயில் செயலாளர் என்னைவிட இளையவர், தம்பியோடு ஒன்றாகத் திருவிழா வேலை பார்த்தவர். எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆனா ட்ரிப் ஆவுது அண்ணே. பால் ஊத்துற நேரம் பார்த்து சாமி இருட்டுல நிக்குது. ஜனங்க அபசகுனம்னு பேசுறாங்க. அதான் வயர்மேன்கிட்ட சொல்லி டைரக்ட் கொடுத்துட்டோம்."

அபிஷேகத் தண்ணீர் கருவறையின் பழைய வயருக்குள் இறங்குகிறது. அதைக் கண்டுபிடித்து விசை விழுகிறது. அதாவது சாதனம் வாராவாரம் தன் கடமையைச் செய்து வாராவாரம் திட்டு வாங்கியிருக்கிறது. வயரை மாற்றாமல் சாதனத்தைச் சுற்றிக் கொண்டு போய் இணைத்துவிட்டார்கள். அந்த முதல் வெள்ளிக்கிழமை விளக்கு அணையாமல் எரிந்ததைப் பார்த்து என் தம்பிதான் வயர்மேனுக்கு மாலை போட்டானாம். செயலாளர் அதை என்னிடம் பெருமையாகவே சொன்னார்.

உடனே பழையபடி மாற்றச் சொன்னேன். திருவிழா முடியட்டும், கமிட்டியில் பேசுவோம் என்றார். எனக்குக் கவலை தம்பியைப் பற்றி அல்ல, அவனுக்கு இனி ஒன்றும் ஆகாது. அவன் மனைவி ஒவ்வொரு வெள்ளியும் அந்த ஈரத்தரையில்தான் உட்கார்ந்து பூ கட்டுகிறாள். தலைக்கு மேல் சுவர்விசிறி. அதனால் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். விதியைக் குறிப்பிட்டேன், படங்கள் இணைத்தேன். பெற்றுக்கொண்டோம் என்று ஓர் எண் வந்தது. நானும் அப்படி எண்கள் கொடுத்தவன்தான். எண் கொடுத்த பிறகு அலுவலகத்துக்கு ஒரு நிம்மதி வரும், எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. கோயிலின் கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து சரஸ்வதி படத்தின் முன் அடுக்கியிருந்தார்கள். சுத்தியல், ஏணி, கடப்பாரை, நடுவில் அந்த டிரில். போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாம். சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றியிருந்தது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கட்டடத்தில் அந்த டிரிலுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு அந்த ஒரு நாள்.

தீபாராதனை முடிந்து செயலாளர் பிரசாதம் கொடுத்துக்கொண்டு வந்தார். நாளைக்கு அந்தக் கைப்பிடி வேலையை முடித்துவிடலாம், தம்பியின் ஆசை அது என்று என்னிடம் சொன்னார். யார் டிரில் போடப்போகிறார்கள் என்று கேட்டேன். நம்ப பையன்கள் இருக்கிறார்கள் என்றார். விதியை மறுபடி சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற தம்பி மனைவி சுண்டலை வாங்காமல் கையை இறக்கிக்கொண்டாள்.

"அந்த டைரக்ட் வயரை எடுத்துட்டு அப்புறம் வேலையைப் பாருங்க அண்ணே. இல்லாட்டி இந்த வெள்ளியிலேருந்து நான் பூ கட்ட வரமாட்டேன்."

"என்னாம்மா இது, சாமி இருட்டுல நிக்குதே."

"சாமிக்கு இருட்டு பழக்கம்தான் அண்ணே. கருவறைக்குள்ள லைட்டு வந்ததே நேத்துதானே. அதுக்கு முன்னே எண்ணெய் விளக்குலதான் நின்னுச்சு."

குரலை உயர்த்தவில்லை. பேச்சு முடிந்ததும் பூக்கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த சுண்டலை எனக்கே கொடுத்தார். நான் சாப்பிட்டேன். உப்பு குறைவு.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் போனேன். குருக்கள் பால் குடத்தைச் சாய்த்தார். படாரென்று விளக்குகள் அணைந்தன. டைரக்ட் இணைப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். விசிறிகள் தேய்ந்து நின்றன. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள், மறுபடியுமா என்றது ஒரு குரல். குருக்கள் நிறுத்தாமல் மந்திரத்தைத் தொடர்ந்தார். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பால் வழிவது தெரிந்தது. தம்பி மனைவி ஈரத்தரையில் உட்கார்ந்து கண்ணால் பார்க்காமலே பூ கட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த இருட்டில் நின்று மறுபடி உள்ளே தொட்டுப் பார்த்தேன். ஏதோ கொஞ்சம் வலித்தது போலிருந்தது. அதற்குள் யாரோ போய் விசையைத் தூக்கிவிட்டார்கள்.

கருவறையின் பழைய வயரை மாற்ற நன்கொடை திரட்டப்போவதாக அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். அதுவரை வெள்ளிதோறும் இருட்டுதான். கைப்பிடியை டிரில் இல்லாமல் சிமெண்டு வைத்துப் பதித்தார்கள். கொஞ்சம் ஆடும்.

அலுவலகத்தின் பதிலும் வந்தது. ஆய்வுக்குச் சென்றபோது பாதுகாப்புச் சாதனம் நல்ல நிலையில் இயங்குவது உறுதி செய்யப்பட்டது, எனவே புகாருக்கு ஆதாரமில்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று இருந்தது. நடையில் குறையில்லை. நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். அது என் கைக்கு வந்தது தம்பியின் தலைத் திவசத்துக்கு மறுநாள், ஒரு செவ்வாய்க்கிழமை.