முனியாண்டி கயிற்றை அறுத்த அக்கா

முதலாண்டுத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் மலையடி லயத்து வீட்டு மக்களுக்கும் வணக்கம். அக்காவைப் ‘பொறுமையின் சிகரம்’ என்று எழுதச் சொல்லிச் சிலர் என்னை நெருக்கினார்கள். பொறுமையா, அக்காவுக்கா? அப்படி அச்சேற்றினால் அவரே எழுந்து வந்து தாளைக் கிழித்துப் போடுவார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாமக்கல் பக்கம். கப்பலேறி வந்து பீடோரில் ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்தில் சேர்ந்த எங்கள் தாய் தந்தையரைக் காய்ச்சல் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்கா பால் மரம் வெட்டினார். தான் கைநாட்டு வைத்தாலும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினார். அவர் இல்லையென்றால் நான் இல்லை. அத்தானைக் கைப்பிடித்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் மலைக்கு வந்தார். அத்தான் இடுப்பில் கயிறு கட்டி மலைமுகத்தில் தொங்கிக் கல் பெயர்ப்பார். அக்கா அடிவாரத்தில் சல்லி உடைப்பார். நான் ஆபீஸ் கிராணிக்கு எழுத்து வேலை பார்த்தேன்.

ஒரு மழைக்காலத்தில் பாறை சரிந்தது. மற்றக் கயிறுகளெல்லாம் அறுந்தன, தொங்கியவர்கள் பிழைக்கவில்லை. அத்தானின் கயிறு மட்டும் நின்றது. மலையடி முனியாண்டிச் சாமிதான் பிடித்துக்கொண்டார் என்றார்கள்; அன்றிலிருந்து அது முனியாண்டி கயிறு. வெள்ளிதோறும் மஞ்சளும் சந்தனமும் பூசி, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். ஸ்டோரில் புதுக் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. கங்காணியே எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அத்தான் தொடவில்லை. மற்றவர்களோ அந்தக் கயிற்றில் ஒருநாளாவது இறங்கமாட்டோமா என்று ஏங்கினார்கள்.

அக்காவுக்கு மட்டும் அதில் நம்பிக்கையில்லை. நல்ல கயிறு பாரம் ஏறினால் முனகும். மற்றவர்களின் கயிறுகள் முனகுவது அடிவாரம் வரை கேட்கும். அத்தான் இறங்கும்போது ஒரு சத்தமும் இராது. மதியம் எல்லாரும் சோற்றுக்கு இறங்கிய பிறகு வெறுங்கயிறுகள் காற்றில் ஆடும். அது ஆடாது. யாரோ இன்னும் தொங்குவதுபோல் விறைத்து நிற்கும். சாமி சத்தியமாக நானே பார்த்திருக்கிறேன். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சோறு தின்பேன்.

ஒருநாள் அக்கா அதன் முறுக்கைப் பிரித்துப் பார்த்தார். மேலே மஞ்சள் பூச்சு. உள்ளே நார் பழுப்புப் பொடியாய் உதிர்ந்தது. நனைந்த தவிட்டு வாடை.

“மாமா, இது செத்துப்போச்சு. புதுசு எடுங்க.”

“சாமி கயித்தக் குத்தஞ் சொல்லாத புள்ள. என் உசிரக் காப்பாத்துனது இது.”

“காப்பாத்துச்சு, யாரு இல்லேன்னா? அதுக்காக அது சாவுற வரைக்கும் வேல வாங்குவீங்களா? நீங்க விழுந்தா நான் எங்க போவேன்?”

அத்தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசைக்குக் கயிற்றை இறக்கி முனியாண்டியின் சூலத்தின் முன் சுருட்டி வைத்திருந்தார்கள். சூடம் எரியும்போது அக்கா பாராங் கத்தியோடு முன்னே போனார். ஒரே வெட்டு. பெண்கள் அலறினார்கள். “அடிப் பாவி! ஒம் புருசன முனி சும்மா விடுவாரா?” என்று பூசாரி துடித்தார். அத்தான் கையை ஓங்கியேவிட்டார்.

கங்காணிதான் நடுவில் புகுந்தார். அக்கா இடுப்பில் சுமக்கும் கல்கூடையை அறுந்த துண்டில் கட்டி, மரக்கிளையில் போட்டு இழுக்கச் சொன்னார். கூடை தரையை விட்டு எழும்பவேயில்லை. கயிறு இற்று விழுந்தது. மற்றத் துண்டும் அப்படியே. முந்தின நாள் மாலை வரை அத்தான் கடப்பாரையும் கையுமாகத் தொங்கியதும் இதே கயிற்றில்தான்.

பூசாரிதான் மெல்லக் கேட்டார்: “அப்ப நேத்து வரைக்கும் தாங்குனது யாரு?”

அக்கா அசரவில்லை.

“யாராச்சும் இருக்கட்டும். அவங்களுக்கும் கை வலிக்கும்ல? கயித்துக்குக் காரியம் பண்ணிட்டுப் புதுசக் கட்டுங்க.”

கோடித்துணி போர்த்தி அந்தக் கயிற்றை எரித்தார்கள். மறுநாள் அத்தான் புதுக் கயிற்றில் இறங்கினார். அது நன்றாக முனகியது. அன்று மாலை அவர் என் தோளைப் பற்றிக்கொண்டு சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை: “மச்சான், இத்தன நாளு எனக்கு ஒடம்புக் கனமே தெரியல. இன்னிக்குத்தான் என் பாரம் எனக்குத் தெரிஞ்சுச்சு.”

அதற்குப் பிறகு அந்த மலையில் அதுவே வழக்கமாயிற்று. முறுக்கைப் பிரித்துப் பொடி உதிர்ந்தால், எத்தனை பேரைக் காத்த கயிறானாலும் அதற்குக் காரியம்தான். அக்கா தொட்டுப் பார்க்காமல் யாரும் இறங்கமாட்டார்கள்.

போன மழையில் காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிற்று. கண் மூடும்வரை, கஞ்சி குடித்தீர்களா இல்லையா என்று அத்தானைத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் திட்டுக்கு நாங்கள் இப்போது ஏங்கிக் கிடக்கிறோம்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோன வண்டிக்கார அண்ணனுக்கும், மாற்றி மாற்றிக் கண்விழித்த லயத்துப் பெண்களுக்கும், கோபத்தை மறந்து முன்னின்று காரியம் செய்த பூசாரி ஐயாவுக்கும் எங்கள் நன்றி. அத்தான் இன்று முழு உடம்போடு உங்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறார். அக்கா கத்தி எடுக்கும்வரை அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் யாரோ, அவருக்கும் நன்றி.