பொங்கல் படியில் வந்த மொச்சை

மார்கழியில் எங்கள் தோட்டத்து மொச்சையைப் பனியோடு பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் காய் வதங்கிவிடும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விரல் விறைக்க விறைக்கப் பறித்தது நான். அண்ணன் போர்வைக்குள் கிடப்பார். ஆம்பளைப் பிள்ளை, தூங்கலாம். பச்சை மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு அம்மா வைத்த புளிக்குழம்பை மறுநாள் சுண்டவைத்து, சூடான கம்பஞ்சோற்றில் ஊற்றித் தின்றால் குளிராவது மண்ணாவது!

கல்யாணமாகிக் கோச்சடைக்கு வந்தபின் அந்தத் தோட்டம் தை மாதம் என்னைத் தேடி வந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் படி வர வேண்டும்: அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து. அப்பா அதோடு ஒரு சாக்கு மொச்சைக்காயும் சுமந்து வருவார். நிலத்தில் பங்கு என்று நான் வாயைத் திறந்ததே இல்லை. அந்தச் சாக்குதான் என் பங்கு என்று நினைத்திருந்தேன், கிறுக்கச்சி.

அப்பா செத்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. அதற்கடுத்த தைக்கு அண்ணன் படி கொண்டுவர வேண்டும். மாமியார் மொச்சை வாங்கி வரச் சொன்னபோது, எங்கள் அண்ணன் கொண்டுவருவார் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே உரித்த மொச்சை. எங்கள் வீட்டில் காயாகத்தானே கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு, சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது வாங்கியதாகச் சொன்னார்.

"நம்ம தோட்டத்துக் காய் என்னாச்சுண்ணே?"

"தோட்டத்த ஆவணியிலயே வெலைக்குக் குடுத்தாச்சுத்தா."

கிழட்டு மாட்டைத் தள்ளிவிட்டவர் மாதிரிச் சொன்னார். அம்மாவுக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், கட்டிக்கொடுத்த பிள்ளையிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்வது என்கிறார். மாமியார் முன்கட்டில் காதைத் தீட்டிக்கொண்டிருந்ததால் அழக்கூட முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்து அந்தக் கடை மொச்சையிலேயே குழம்பு வைத்தேன்.

அண்ணன் ரசித்துச் சாப்பிட்டார். நம் வீட்டு ருசி அப்படியே இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டார். ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"அடுத்த வருசம் படி கொண்டு வராதண்ணே. இங்கனயே வாங்கிக்கிறேன்."

அண்ணன் நான் உயிரோடு இருக்கும்போது உனக்குப் படி நிற்குமா என்று ஒரு வார்த்தை அதட்டுவார் என்று பார்த்தேன். அது போதும் எனக்கு.

"அதுவும் சரிதான்த்தா. இம்புட்டுக் கூட்டத்துல பஸ் ஏறி வாரதே பெரும்பாடா இருக்கு."

அடுத்த தையில் அவர் வரவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்று மாமியாரிடம் நானே பொய் சொன்னேன்.