மிக்கேல் அண்ணனின் இடது தோள்

மிக்கேல் அண்ணன் இறந்த செய்தி எனக்கு எழுத்து எழுத்தாக வந்தது. ஆறுமுகநேரியில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு, சார்ஜ் இல்லாத போனோடு திரும்பியவன், பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போல் சுவரைப் படிக்க ஆரம்பித்தேன். எழுபத்திரண்டு வயதில் படிக்கக் கற்றவனுக்குச் சுவர் என்றால் தனி ஆசை. பல் டாக்டர், கோழிக்கடை, கோவில் அசன விருந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அன்று புதுப் போஸ்டர் ஒன்று இருந்தது. ‘மி’ என்றேன். ‘க்’ என்றேன். ‘கே’ வந்ததும், அட, நம் தெருக்காரர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ‘ல்’ வரைக்கும் இருந்தது. பிறகுதான் மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் படத்தை முதலில் பார்ப்பார்கள். அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்பதையும் நானே படித்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தார், இரங்கல் கூட்டத்தில் வாசிக்க என்னை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று நாளாக எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வலது தோளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பட்டாளத்தில், பனி மலையில் பெட்டி சுமந்து ஏறும்போது வழுக்கி விழுந்து கழன்ற தோள் அது. கட்டிவிட்டார்கள், மறுபடி கழன்றது. கடைசியில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வலது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. கோவிலில் சிலுவை போடும்போது அவர் கை நெற்றிக்குப் போகாது. நெற்றிதான் குனிந்து கைக்கு வரும். புதிதாக வந்த பங்குச் சாமியார், இவ்வளவு பணிவான ஒரு மனிதரைத் தான் பார்த்ததில்லை என்று பிரசங்கத்திலேயே சொன்னார். “பணிவு இல்ல சாமி, தோளுப் பந்து கிண்ணத்த விட்டுப் போச்சு” என்று அண்ணன் பிறகு போய் விளக்கிவிட்டு வந்தார்.

அவரை அனுப்பும்போது மருத்துவக் குழு ஒரு வரி எழுதியிருந்தது. இந்தக் குறை பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று. அந்த ஒரு வரிதான் அவரை அரித்தது. “பென்சன் கெடக்கட்டும்ல. என் தோளு பட்டாளத்துல போச்சுன்னு அவனுவோ கையால எழுதித் தரணும். இல்லன்னா இது எங்க போச்சு, சந்தையிலயா?” என்பார். மேல்முறையீடு செய்யலாம் என்று சங்கத்தில் சொன்னபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. அவரைச் சிறு வயது முதல் அறிந்த ஒருவரின் வாக்குமூலத்தையும் சேர்த்தால் நல்லது என்றார்கள். நான் இருக்கும்போது வேறு யார்?

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு டைப் அடிக்கிறவரிடம் என்னை உட்கார வைத்துவிட்டு அண்ணன் ஜெராக்ஸ் எடுக்கப் போனார். நான் யோசித்தேன். முதியோர் உதவி மனுவில் கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னால்தானே அதிகாரி மனம் இளகுகிறது? தோளுக்கும் அதே வழிதான் என்று முடிவு செய்தேன். மிக்கேலுக்குப் பன்னிரண்டு வயதிலேயே வள்ளம் இழுத்துத் தோள் இறங்கிவிட்டது என்றேன். வலியில் சோறு பிசைய முடியாமல் அழுவார், நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுவேன் என்றேன். உண்மையில் அவருக்கு அப்போது கருங்கல் தோள். நங்கூரத்தைத் தனியாகத் தூக்கிவருவார். டைப் அடிக்கிறவர் நிறுத்தி, வலது தோளா இடது தோளா என்று கேட்டார்.

“தோளுன்னு போடுங்க அண்ணாச்சி. ஒடம்பு ஒண்ணுதான?” என்றேன்.

படிக்கத் தெரியாததால் கட்டைவிரலை நன்றாக அழுத்தி வைத்தேன். அண்ணன் திரும்பி வந்து, அதைப் படிக்காமலே மடித்து உறையில் போட்டார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

பதில் என்ன வந்தது என்று கேட்டபோதெல்லாம் ஒரு காரணம் சொன்னார். வடக்கே மழை என்றார். ஃபைல் பார்க்கிற ஆபீசர் மகளுக்குக் கல்யாணம் என்றார். மறு வருடமும் கல்யாணம் என்றார்; அந்த ஆபீசருக்கு எத்தனை மகள்கள் என்று நான் வியந்தேன். பிறகு வக்கீல் வைத்தார், சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். மறுபடி மருத்துவக் குழு முன்னால் நிறுத்தினார்கள். போய்வந்தவர், டாக்டர் தன் இடது தோளைத்தான் வெகுநேரம் அமுக்கிப் பார்த்தார் என்றார். வலது தோளுக்குப் போனவரிடம் இடது தோளைப் பார்த்த டாக்டர் என்று நம் தெருவே பல மாதம் சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்.

ஒருநாள் ஒரு பெட்டி மக்ரூன் இனிப்போடு வந்தார். “ஏலே சூச, தோளு பாஸாயிட்டு” என்றார். பணியால் வந்த குறை என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்களாம். அன்றைக்கு அவர் நெற்றி நான்கு முறை கைக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் என்னைக் கண்டால் இடது தோளைத் தடவிக்கொள்வார். வலி வலது பக்கம்தானே என்று கேட்டேன். “ஏலே, இது பழய வலி” என்றார்.

நான் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தபோது தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். அவர் ஒருவர்தான் முகம் வாடினார். “இந்த வயசுல எழுத்து எதுக்குல? கண்ணு போயிரும்” என்றார். நான் முதன்முதலில் என் பெயரை எழுதிக்கொண்டுபோய்க் காட்டியபோது, நன்றாக இருக்கிறது, இதோடு நிறுத்திக்கொள் என்றார். என் வளர்ச்சி பிடிக்கவில்லையோ என்று எனக்கு மனத்தாங்கல். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணனின் மனைவி பிலோமினா மதினி ஒரு ஃபைலைக் கொடுத்தார். “தம்பி, இதுல ஒம்ம பேரு நெறைய இருக்காம். இப்பம்தான் படிக்கீரே, பாரும்” என்றார். அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, விரலை வைத்து வைத்துப் படித்தேன். முதல் தாள் என் வாக்குமூலம், கீழே என் கட்டைவிரல். இரண்டாவது, மேல்முறையீட்டை மறுத்த கடிதத்தின் தமிழாக்கம். படையில் சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் குறை எதுவும் இல்லையென்றால், பிறகு வந்த குறை பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டுமாம். அப்படி அவர் ஜெயித்திருக்க வேண்டிய மனு. ஆனால் அவருடைய சாட்சியே சிறு வயது முதல் தோள் கெட்டிருந்ததாகச் சொல்வதால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. அந்த வரியை மூன்று முறை படித்தேன். தப்பாகப் படிக்கிறேனோ என்று இருந்தது. தப்பாகப் படிக்கவில்லை. மழையும் இல்லை, கல்யாணமும் இல்லை. நான்தான்.

மூன்றாவது, வக்கீலுக்கு அண்ணன் தன் கையால் எழுதிய கடிதத்தின் நகல்: “சூசை விவரம் இல்லாமல் பொய் சொல்லிவிட்டான் என்று நீங்கள் எழுதக் கூடாது. அவன் சொன்ன வலி உண்மை. அது இடது தோள். நான் பட்டாளத்தில் சேரும் முன்பே அது சரியாகிவிட்டது. பட்டாளத்தில் கெட்டது வலது தோள். இதை இப்படியே எழுதவும். முடியாது என்றால் கேஸ் வேண்டாம்.”

தீர்ப்பின் தமிழாக்கமும் அதையேதான் சொன்னது. பழைய வலி வேறு தோள். அது இப்போது நன்றாக இருப்பதை மருத்துவக் குழு பார்த்து உறுதி செய்திருக்கிறது. சாட்சி சொன்னது மனுதாரருக்கு எதிராகாது. அத்தனை ஆண்டு காத்துக் கிடந்த ஒரு வரியை, என்னைப் பொய்யன் ஆக்குவதற்குப் பதிலாக, விட்டுவிடத் துணிந்திருக்கிறார்.

என்ன எழுதியிருக்கிறது என்று மதினி கேட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“அண்ணனுக்குச் சின்ன வயசுல எடது தோளுலயும் வலி இருந்துருக்கு மதினி” என்றேன்.

“அம்பது வருசமா அந்தத் தோளுலதான் தம்பி தல வச்சுத் தூங்குனேன். அது ஒரு நாளும் வலிச்சதில்ல” என்றார் மதினி. பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அழுதோம்.

ஃபைலை அவரிடமே கொடுத்துவிட்டேன். வலது தோள் பட்டாளத்துடையது. அதற்குத் தீர்ப்பு இருக்கிறது. இடது தோளில் அவருக்கு இல்லாத அந்த வலி மட்டும் என்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த முறை எழுதியதை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டேன். கட்டைவிரல் வைக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

சூசை