ஒரு பிளக் மட்டும் நனைந்த எஞ்சின்

நல்லரத்தினத்துக்குக் காது கேளாமல் போனது பதினோராவது வயதில். ஒரு கிழமை அடித்த காய்ச்சல் போகும்போது சத்தத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மிஞ்சியது. தன் குரல் தனக்கே எட்டாததால் அது எப்போதும் உரத்துத்தான் வரும், அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் அவரைக் கடைசி வாங்கில் இருத்தினார்கள். எழும்பி வந்து முன் வாங்கில் இருந்தார். திரும்பவும் பின்னுக்கு அனுப்பினார்கள், திரும்பவும் வந்தார். கடைசியில் வாத்தியார்தான் களைத்துப்போனார்.

வாழைச்சேனையில் ஒரு கராஜில் எஞ்சின் பாகம் கழுவுகிற வேலைக்குப் போனார். கழுவுகிற ஒவ்வொன்றும் எங்கிருந்து கழன்று வருகிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே கழுவினார். இரண்டு பேர் பார்த்துக் கைவிட்ட ஒரு போட் எஞ்சினை, முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கழற்றிப் பூட்டி ஓடவிட்டார். வந்தவரிடம், "இனிக் கழுவ வேற ஆளப் பாருங்க" என்று சொன்னார். அன்றைக்கே வேலை போனது. அவர் கவலைப்படவில்லை. பனிச்சங்கேணியில் வாவிக் கரையில் தகரக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு சொந்தமாகத் திருத்தத் தொடங்கினார்.

அந்தக் கொட்டிலுக்குத் தன் அண்ணனின் எஞ்சினோடு வந்தவள்தான் கண்ணகை. செவிடனையா கட்டப் போகிறாய் என்று வீட்டில் பெரிய சண்டை. "காதுள்ளவன் எவன் இந்த ஊரில பொஞ்சாதி சொல்றதக் கேக்கிறான்?" என்று கேட்டுவிட்டு அவள் வந்துவிட்டாள். இரண்டு பேருமாகக் கைவிரல்களால் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். மற்றவர்களின் உதட்டைப் பார்த்தும் அவர் பாதிக்கு மேல் விளங்கிக்கொள்வார், மீசை மறைக்காவிட்டால்.

அவருக்கு நாற்பத்தாறு வயதானபோதுதான் ஒரு சோதனை வந்தது. கரையில் உள்ள மீனவர் சங்கம் புதிதாக ஒரு முடிவெடுத்தது: சங்கத்து எஞ்சின்களைத் தகைமைச் சான்றிதழ் உள்ளவர்தான் தொடலாம். இருபது வருசமாக அந்த எஞ்சின்களைத் தொட்டுக்கொண்டிருந்த நல்லரத்தினம், மட்டக்களப்பு டவுனில் இருந்த ஒரு பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டார். வேலை தெரிந்தவர்களுக்குச் செயன்முறைச் சோதனை மட்டும் போதும் என்றிருந்தார்கள். ஆனால் பதில் கடிதம் இரண்டே வரியில் வந்தது. செவிப்புலன் இல்லாதவரைச் சோதனைக்கு ஏற்க முடியாதாம்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சோதனை நாளன்று காலை முதல் பஸ்ஸில் கண்ணகையோடு ஏறிவிட்டார்.

வாசலில் மறித்த அலுவலருக்கு உதட்டை மூடுகிற மீசை. நல்லரத்தினத்துக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கண்ணகை விரல்களால் சொன்னாள்: 'வரவேண்டாமெண்டு எழுதினதாம். திரும்பிப் போகட்டாம்.'

அலுவலர் அவளிடம், "உங்கட ஆளுக்கு விளங்கப்படுத்துங்கம்மா" என்றார்.

"அவருக்கு விளங்கிட்டு சேர். எங்களுக்குப் போக விருப்பமில்ல, அதான் நிக்கிறம்."

நல்லரத்தினம் கடிதத்தை எடுத்து விரித்தார். பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "எஞ்சினத் திருத்தத் தெரியாட்டி என்னப் பெயிலாக்குங்க. சோதினைக்கே விடாமப் பெயிலாக்க ஏலா!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்தவர் சோதனை நடத்துகிற பிறின்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும், மீசை மழித்த முகம். கடிதத்தை வாசித்தார், நல்லரத்தினத்தின் கையைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுத்துப்போன கை. "உள்ளுக்கு வாங்க அண்ணன்" என்றார். மழித்த முகம் என்பதால் அதை வாசிக்க முடிந்தது. அலுவலர் ஏதோ மறுத்தார். "பொறுப்பு எனக்கு" என்றார் பிறின்ஸ்.

தண்ணீர் நிரப்பிய பீப்பா ஒன்றில் இருபத்தைந்து குதிரைவலு எஞ்சின் பூட்டியிருந்தது. நிலையத்தின் சொந்த எஞ்சின்தான். இரண்டு மாதமாகவே பழுது. கயிற்றை இழுத்தால் இரண்டு தரம் குலுங்கும், கறுப்பாகப் புகைக்கும், பிறகு எரிபொருளான எண்ணெயிலேயே மூழ்கி நின்றுவிடும். அன்றைக்கு முன்னே வந்த நான்கு பேரும், எண்ணெயை அளந்து விடுகிற காபரேற்றரின் ஊசி தேய்ந்துவிட்டது, அதனால்தான் எண்ணெய் கூடப் போகிறது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பிறின்ஸின் விடைத்தாளிலும் அதுவே இருந்தது.

நல்லரத்தினம் கயிற்றை இழுத்தார். எஞ்சின் குலுங்கியது அவருடைய தோளில் தெரிந்தது. புகையை மணந்தார். பிறகு இரண்டு சிலிண்டரின் பிளக்கையும் கழற்றி உள்ளங்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். மேல் பிளக் காய்ந்திருந்தது. கீழ்ப் பிளக்கிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"காபரேற்றர் இல்ல" என்றார்.

பிறின்ஸ் சிரித்தார். "எண்ணெய் கூடினா முதல்ல காபரேற்றரத்தானே பார்க்கவேணும்? பாடத்திலயும் அதுதான்."

"பாடம் சரி. இந்த எஞ்சின் அந்தப் பாடம் படிக்கல்ல." கண்ணகை முகத்தைத் திருப்பிச் சிரிப்பை அடக்கினாள். "காபரேற்றர் ஒண்டுதான் இருக்கு, ரெண்டு சிலிண்டருக்கும் அதாலதான் போகுது. பழுது அதிலயெண்டா ரெண்டு பிளக்கும் நனையவேணும். இதில ஒண்டுதான் நனைஞ்சிருக்கு. அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் எண்ணெய் வேற வழியால போகுது."

எண்ணெய்க் குழாயின் நடுவில் உள்ள றப்பர்க் குமிழைக் கையில் எடுத்தார். இறுகும்வரை அமத்தினார். பிறகு அமத்தாமல் சும்மா பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அரை நிமிடம் போனது. குமிழ் அவர் கைக்குள் மெதுவாக இளகியது.

"பிடிச்சுப் பாருங்க சேர்."

பிறின்ஸ் பிடித்தார். அவருக்கும் இளகியது.

"எண்ணெய் எங்கேயோ போகுது. மறுகா, இதில விரல வைங்க." காபரேற்றரின் வாயைக் காட்டினார். பிறின்ஸ் விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஊசி தேய்ந்திருந்தால் அங்கேதான் எண்ணெய் வழிந்திருக்க வேண்டும். அவருடைய முகத்தில் சிரிப்புப் போய்விட்டது.

கீழ்ச் சிலிண்டரின் பக்கமாக ஒட்டியிருந்தது எண்ணெய்ப் பம்பு. எஞ்சின் மூச்சு விடுகிற மாதிரி உள்ளே காற்றை இழுத்துத் தள்ள, அந்த வேகத்தில் பம்புக்குள் மெல்லிய றப்பர்ச் சவ்வொன்று அசைந்து எண்ணெயை மேலே அனுப்பும். நல்லரத்தினம் பம்பைக் கழற்றினார். அதன் பின்னால் எஞ்சினுக்குள் போகிற சின்னத் துளையிலிருந்து எண்ணெய் அவர் மணிக்கட்டில் வடிந்தது. சவ்வை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஓரத்தில் நகக்கீறல் அளவில் ஒரு கிழிசல். காபரேற்றருக்குப் போகவேண்டிய எண்ணெயில் ஒரு பங்கு அதனூடாக நேரே கீழ்ச் சிலிண்டருக்குள் போயிருக்கிறது.

பிறின்ஸ் அந்தச் சவ்வை வாங்கித் தானும் வெளிச்சத்துக்குப் பிடித்தார். "ரெண்டு மாசமா நாங்க நாலு ஊசி மாத்தினம், வாங்கின ஊசிதான் கூடாதெண்டு நினைச்சு" என்றார். விடைத்தாளை எடுத்து அதில் இருந்ததை வெட்டினார்.

அலமாரியில் புதுச் சவ்வு இருந்தது. நல்லரத்தினம் அதைப் போட்டார். பிளக் இல்லாமலே பத்துத் தரம் கயிறிழுத்து உள்ளே தேங்கிய எண்ணெயை வெளியே தள்ளினார், பிளக்கைத் துடைத்துப் பூட்டினார். மூன்றாவது இழுவையில் எஞ்சின் பிடித்தது. முன்கையை எஞ்சின் மூடியில் சாய்த்து அதிர்வைப் பார்த்துக்கொண்டே ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினார். பீப்பாத் தண்ணீரின் கொதிப்பு அடங்கிச் சீராகியது. "இப்ப ரெண்டும் வேல செய்யுது" என்றார்.

புள்ளி போடும்போது பிறின்ஸின் பேனை ஓர் இடத்தில் நின்றது. நல்லரத்தினம் எட்டிப் பார்த்தார். 'எஞ்சின் ஒலியைக் கேட்டு மதிப்பிடல், பத்துப் புள்ளி.'

"முழுசாப் போட்டுவிடுறன் அண்ணன். நீங்க செய்து காட்டின வேலைக்கு இது காணாது."

"வேண்டாம். எனக்குக் கேக்கல்ல. பூச்சியம் போடுங்க."

"அண்ணன்..."

"பூச்சியம் போடுங்க சேர். பக்கத்தில எழுதுங்க, கையால அறிஞ்சவர் எண்டு. இனி வாற செவிடன் வாசலில நிண்டு கத்தத் தேவையில்லாமப் போகும்."

பிறின்ஸ் பூச்சியத்தைப் போட்டார். பிறகு அப்படியே எழுதிக் கையெழுத்திட்டார்.

பஸ்ஸில் கண்ணகைக்குக் கோபம் ஆறவில்லை. 'தந்த பத்தையும் வேண்டாமெண்டிட்டு வாற ஆள நான் இப்பதான் பாக்கிறன்' என்று விரல்களால் சொல்லி, இடைக்கிடை அவருடைய தொடையில் குத்தினாள். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரல் பேச்சில் சண்டையைத் தவிர்க்க அதுவே சுகமான வழி.

ஆறு கிழமைக்குப் பிறகு சான்றிதழ் வந்தது. அன்றைக்கு வந்த ஐந்து பேரில் சித்தியடைந்தவர்கள் அவரோடு இரண்டு பேர்; மற்றவரைக் கழற்றிப் பூட்டுகிற வேலைக்கான புள்ளி காப்பாற்றியது. சங்கத்துக் கூட்டத்தில் வினோஜன் என்ற போட்காரர் எழும்பி, என்ன இருந்தாலும் காதில்லாதவரிடம் சங்கத்து எஞ்சினைக் கொடுப்பதா என்று கேட்டார். நல்லரத்தினம் சான்றிதழைக் காட்டவில்லை. "உங்கட எஞ்சினக் கொண்டு வராதீங்க, உங்கட விருப்பம்" என்றார். மழைக் காலம் தொடங்கிய கிழமை வினோஜனே எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நல்லரத்தினம் அதைத் திருத்திக் கொடுத்தார்.

இப்போது கொட்டிலின் முன்னால் ஒரு பலகை தொங்குகிறது. எழுத்தெல்லாம் அவரே நீலப் பெயின்றால் எழுதியது, றோட்டால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற அளவில்: 'எனக்குக் காது கேளாது. எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.'